தண்ணியக் கழிச்ச கணக்கு

...இல்லக்கா, நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? அஞ்சு பிள்ளைங்க. அஞ்சும் காப்பி அடிச்சிருச்சாம்! கொஞ்சம் சர்க்கா, ஜன்னல் பக்கம் நகுந்துக்குங்க, மூணு பேரு சீட்டுல நாலாவது ஆளு உக்கார்றது இந்த லோக்கல் ட்ரெயின்ல புதுசா இன்னா... ஹாங், போதும் போதும். பாதி உடம்பு உக்காந்தா போதும், மீதிய தேஹு ரோடுலேர்ந்து சிவாஜி நகர் வரைக்கும் காலு தாங்கிக்கும். உங்க கையில தமிழ்ப் புஸ்தகத்தப் பாத்தேனா, அப்பாடான்னு இருந்துச்சு. இந்த லேடீஸ் டப்பாவுல தினம் மராட்டியிலயே பொலம்பி என் நாக்கு மரத்துப் போச்சுக்கா. பொலம்புறதுன்னா தமிழ்லதான் பொலம்பணும். மத்த பாஷையில பொலம்புனா வயிறு நெறைய மாட்டேங்குது.

நீங்க படிங்க, படிங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கினு வர்றேன். உங்களுக்கும் சிவாஜி நகர்தானே எறங்கணும்? ...எப்படித் தெரியுமா? சும்மா ஒரு அந்தாஜ், குத்துமதிப்புதான்.

என் பேரு லீலா. ஆர்டனன்ஸ் டிப்போவுல, அதான் மிலிட்டரி சாமான் கெடங்குல, ஸ்டோர் செக்ஷன், இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். ஒரே பொண்ணு, ரோஹிணி. பதினொண்ணாவது, சயன்ஸ். எங்க குவார்ட்டர்ஸ்லேர்ந்து அஞ்சு பிள்ளைங்க அந்தக் காலேஜுக்குப் போவுது. எம் பொண்ணு, எஸ்தர், ரீனா, ஷ்யாம், ராகவேந்திரா. அரைப் பரீட்சையில கெமிஸ்ட்ரி பேப்பர்ல நாலு மார்க் கேள்வி ஒண்ணு. அஞ்சும் ஒரே தப்பு பண்ணியிருக்குது. ஒரே விடை, பாயிண்ட் ஒண்ணு அஞ்சு ஆறு. அதுக்கு அந்தக் கெமிஸ்ட்ரி மேடம் இன்னா பண்ணிட்டாங்க தெரியுமா? அஞ்சு பேப்பரையும் வரிசையா மேசை மேல பரப்பி வச்சு, இது காப்பின்னு பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க!

இன்னைக்கு பதினோரு மணிக்குள்ள, பெத்தவங்க ஒவ்வொருத்தரும், எம்புள்ள காப்பி அடிச்சது உண்மைதான், இனிமே அடிக்காதுன்னு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். குடுத்தா அது ரிஜிஸ்டர்ல ஏறும். குடுக்கலன்னா வருஷப் பரீட்சை எழுத விட மாட்டாங்க. முன்னால போனா முட்டுது, பின்னால வந்தா ஒதைக்குதுங்கிற மாதிரிதான்.

இதோ, இந்த மஞ்சப் பையில இருக்குது பாருங்க, அஞ்சு லெட்டரும். நீதான் நல்லா வாயாடுவ, நீயே கொண்டு போய்க் குடுன்னு எல்லாரும் எந்தலையில கட்டிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு ரவிசந்திரன் இருக்காரே, அவரும் கையெழுத்துப் போட்டு நீட்டுறாரு. விடு லீலா, நாலு மார்க்குக்காக யாரு காலேஜோட மல்லுக்கட்டுறதுங்கறாரு. நாலு மார்க்காய்யா அது? எம் பொண்ணு பேருக்கு முன்னால திருட்டுன்னு எழுதுறாங்கய்யான்னேன். அப்பறம் ஏன் அழுவுறன்னாரு. நான் எங்க அழுதேன்? வெங்காயம் நறுக்கிக்கினு இருந்தேன்!

அந்த மேடத்தப் பத்திச் சொல்லணும்னா... நல்லவங்கதானாம். எம் பொண்ணு சொல்லுவா. பாடம் நடத்துனா போர்டு பூரா எழுதுவாங்களாம், கண்ணாடிய மூக்கு நுனியில வச்சுக்கினு, ஏறக்குறைய உங்க கண்ணாடி மாதிரின்னு வச்சுக்கங்களேன். ஆனா ஒரே இங்கிலீஷு. ஒரே ஓட்டம். நம்ம ஊருக்காரங்கதான், வூட்ல ரசமும் தமிழும்தான், ஆனா கிளாஸ்ல ஒரு வார்த்தை தமிழ் வராது. பக்கத்துல மராட்டிப் பிள்ளைங்க இருக்குறப்ப எப்படி வரும், அதுவும் நியாயம்தான். ஆனா பிள்ளைங்களுக்குப் புரியலையேக்கா! மோல் மோல்னு வந்து அழுதுச்சுங்க. மொத டெஸ்ட்ல எம் பொண்ணு இருபத்தஞ்சுக்கு எட்டு. சோறு திங்கல. காமர்ஸுக்கு மாத்திக்கிறேன்னு ஃபார்ம் வாங்கிக்கினு வந்துட்டா.

அப்பத்தான் அந்தக் கெமிஸ்ட்ரி புஸ்தகத்தக் குடுடி பாக்கலாம்னு வாங்கினேன்... அந்தக் கதை அப்பறம். ஆகுர்டி வந்துருச்சா? இன்னும் நேரம் கெடக்கு.

நான் பத்தாவதுதான்க்கா. ஆனா டிப்போவுல நான் பண்ற வேலை இன்னா தெரியுமா? சாமான எண்ணுறது. வாஷர் வரும், ஸ்ப்ளிட் பின் வரும், ஒரு பெட்டிக்கு இருபதாயிரம். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனா அடுத்த தீவாளி வந்துரும். அதனால நூறு வாஷர எண்ணி தராசுல வைப்போம். இருநூத்தம்பது கிராம். அப்பறம் பெட்டியோட எடை, அம்பத்திமூணு கிலோ. காலிப் பெட்டி மூணு கிலோவக் கழி. அம்பது கிலோ நெட் வெயிட். வகுத்தா இருபதாயிரம். முடிஞ்சுச்சு ஜோலி! கண்ணால பாக்காமயே எண்ணியாச்சு. பெட்டிக்கு ஒரு பின் கார்டு, இருப்பு எழுதுற அட்டை; எண்ணுனது யாரோ அவங்க அதுல கையெழுத்துப் போடணும். நாளைக்குக் கணக்கு ஒதைச்சா ஆபீசர் கார்டத்தான் பாப்பாரு. கையெழுத்து யாருதோ அவ பதில் சொல்லணும். இருபத்திரெண்டு வருஷத்துல என் கார்டுல ஒரு வாஷர் கொறஞ்சது கிடையாது.

இப்பச் சொல்லுங்க, மோல்னா இன்னா? அதேதானேக்கா! அணு கண்ணுக்கே தெரியாது, எவன் எண்ணுறது? அதனால எடை போட்டு எண்ணுறான். நமக்கு டஜன் மாதிரி, டிப்போவுக்கு நூத்திநாப்பத்திநாலு சேந்தா ஒரு குரோஸ்ங்கிற மாதிரி, அவங்களுக்கு மோல். ஆறு போட்டு அதும் பின்னால இருபத்திமூணு சைபர். சரியாச் சொன்னா ஆறு பாயிண்ட் சைபர் ரெண்டு ரெண்டு, ஆனா அவ்வளவு பெரிய கூட்டத்துல சில்லறையப் பத்தி யாரு பேசுறது. அவ்வளவு கார்பன் அணுவ தராசுல வச்சா பன்னெண்டு கிராம். அவ்வளவு இரும்ப வச்சா அம்பத்தாறு. எண்ணிக்கை ஒண்ணு, எடை வேற. ஒரு டஜன் எலுமிச்சம்பழமும் ஒரு டஜன் பூசணிக்காயும் ஒரே எடையா இன்னா?

அணுவுக்குள்ள இன்னா இருக்குன்னு படம் போட்டிருந்துச்சு. பாத்ததும் எனக்குச் சிரிப்பு. நடுவுல ஒரு கரு, அதுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானும். எடை பூரா அங்கதான், எந்திரிக்காம குந்திக்கினு இருக்கும். வெளிய எலக்ட்ரான் சுத்திக்கினு இருக்கு, அதுக்கு எடையே இல்லாத மாதிரிதான். ஆனா யாரோட ஒட்டுறது, யார வெட்டுறதுன்னு எல்லா வம்பும் அதோடதுதானாம். அடியே, இது எங்க செக்ஷன்டின்னேன். நடுவுல ஆபீசரும் ஸ்டோர் கீப்பரும், வெயிட்டான ஆளுங்க, சீட்ட வுட்டு அசைய மாட்டாங்க. ஆபீஸ்ல நடக்குற சேர்க்கை, சண்டை, டிரான்ஸ்ஃபர் எல்லாம் வெளிய சுத்திக்கினு இருக்குற பியூன் அருணாச்சலம் வேலைன்னேன். பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிச்சுச்சுங்க. சிரிச்சா மறக்காதுக்கா. அடுத்த டெஸ்ட்ல அஞ்சு பேரும் இருபதுக்கு மேல! காமர்ஸ் ஃபார்ம கிழிச்சு அதுல வறுகடல மடிச்சுத் தின்னா எம் பொண்ணு.

...அட, ஆமா, நான்தான் நடத்துனேன். பிள்ளைங்களுக்கு யாரு நடத்துனாங்கன்னு நான் சொல்லவே இல்ல, இல்ல? ஞாயித்துக்கிழமை தவறாம, எங்க வூட்டுக் கூடத்துல. தராசு, வாஷர் ஒரு கைப்பிடி... டிப்போ வாஷர் இல்லக்கா, ஹார்டுவேர் கடையில வாங்குனது, அப்படிப் பாக்காதீங்க.

பிம்ப்ரியா இது? தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? புஸ்தகத்துல அதே பக்கத்துல இருக்கீங்க ரொம்ப நேரமா. கஷ்டமான கதையோ?

சரி, அந்த நாலு மார்க் கேள்விக்கு வர்றேன். மயில்துத்தம் இருக்குல்ல, நீலமா, கண்ணாடிக் கல்லாட்டம்? அது இருபத்திநாலு பாயிண்ட் ஒம்பது அஞ்சு கிராம். எத்தன மோல்? அதான் கேள்வி. மயில்துத்தத்த எழுதுற விதம் இன்னான்னா, மொதல்ல காப்பர் சல்ஃபேட்டுன்னு எழுதி, நடுவுல ஒரு புள்ளி வச்சு, அஞ்சு தண்ணின்னு தனியா எழுதுவாங்க. பரீட்சைக்கு ரெண்டு நாள் முந்தி பிள்ளைங்க கேட்டுச்சுங்க, ஆன்ட்டி, இந்தத் தண்ணிய எடையில சேக்கணுமா வேணாமான்னு. எம் பொண்ணு மட்டும் சேக்கணும்மா, மேடம் சேத்துத்தான் போட்டாங்கன்னா.

அதுக்கு ஒருத்தி சிரிச்சா பாருங்க. ஏன்டி, நடுவுல புள்ளி வச்சு தனியாக் கட்டி வச்சிருக்கான், பாத்தாலே தெரியலையா அது பேக்கிங்குன்னு? சரக்குக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாம நாளைக்கு இன்னா குடும்பம் பண்ணுவ? பில்லுல எழுதுற எடை எப்பவும் நெட் வெயிட்டுதான், பெட்டியச் சேத்து எவனும் பில் போட மாட்டான். தண்ணியத் தூக்கிப் போட்டுட்டு, வெறும் காப்பர் சல்ஃபேட்டுக்கு நூத்தியம்பத்தொம்பதரை, அதால வகுடின்னு சொன்னா. பாயிண்ட் ஒண்ணு அஞ்சு ஆறு. நல்லா அழுத்தந்திருத்தமா பத்து தடவை போட வச்சா. எம் பொண்ணு மொனகுனதுக்குத் தலையில ஒரு தட்டு வேற.

...யாரா? யாருன்னு கேக்குறீங்களேக்கா. அந்தக் கூடத்துல அஞ்சு பிள்ளைங்களத் தவிர வேற யாரு இருந்தா?

அஞ்சும் அப்படியே எழுதிட்டு வந்துச்சுங்க. மூணு பேரு கீழ் ஹால்ல, ரெண்டு பேரு மாடியில. எப்படிக் காப்பி அடிக்கும்? சுவத்த ஓட்டை போட்டா? அதுலயும் கூத்து இன்னா தெரியுமா, அஞ்சு பேப்பர்லயும் விடைக்கு மேல, தண்ணி பேக்கிங், இது நெட் வெயிட்டுன்னு ஒரே மாதிரி எழுதியிருக்குதுங்க! எந்தக் கெமிஸ்ட்ரி புஸ்தகத்துல அந்த வார்த்தை இருக்குது? மேடம் மேலயும் தப்பு சொல்ல முடியாதுக்கா. நானா இருந்தாலும் காப்பின்னுதான் சொல்லியிருப்பேன்.

ஆனா எனக்கு அப்ப எங்க தெரியும்? மேடம்தான் தப்பு, நான் ரைட்டுன்னு குதிச்சேன். நீ வாடி, நிரூபிச்சுக் காட்டுறேன்னு செடிக்கு மருந்து விக்கிற கடையில மயில்துத்தம் வாங்கிக்கினு வந்து, பழைய கரண்டியில ஒரு சிட்டிகை போட்டு கேஸ் அடுப்புல காட்டுனேன். ஆவி வந்துச்சு. நீலம் போயி வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புத்தூளாட்டம் ஆயிருச்சு. பாத்தியா, பேக்கிங் போச்சு, சரக்கு நிக்குதுன்னேன். எம் பொண்ணு கரண்டிய வாங்கி எறக்கி வச்சாக்கா. ஆறட்டும்னு வுட்டா. அப்பறம் வெரல தண்ணியில தொட்டு ஒரே ஒரு சொட்டு வுட்டா. திரும்பவும் நீலம்! கரண்டி சுருக்குன்னு சூடாச்சு.

அம்மா, பெட்டியக் கழட்டுனா வாஷர் வாஷராத்தானே இருக்கும், நெறம் மாறுமான்னு கேட்டா. இந்தத் தண்ணி போனா நீலமே போவுதும்மா. கேள்வியில நீலக் கல்லுன்னுதானே எடை குடுத்தாங்க, அப்ப தண்ணியும் சரக்குதான்னா. இருநூத்திநாப்பத்தொம்பதரையால வகுத்தா சரியா பாயிண்ட் ஒண்ணு. சில்லறையே இல்லாம. அவ மொதல்லயே அப்படித்தான் போட்டிருந்தா. அடிச்சுட்டு என் கணக்க எழுதியிருக்கா. இதோ பேப்பரு, ஜெராக்ஸ். வெளிச்சத்துல புடிங்க. அடிச்ச கோட்டுக்குக் கீழ தெரியுதா, பாயிண்ட் ஒண்ணு? ஏன்டி அடிச்சன்னா, நீ சொன்னா தப்பா இருக்காதுன்னு நெனச்சேம்மாங்கறா.

ரெண்டு நாள் நான் அவகூடப் பேசல. கோவம்னு நெனச்சுக்கிட்டா. வெக்கம்க்கா. பெத்த பொண்ணு மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு.

காஸர்வாடி, தாபோடி... இந்தத் தாபோடியில ஏறுற கூட்டம் இருக்கே, யம்மாடி! காலு, காலு! அந்தக் கூடைய மேல வைங்கம்மா!

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஹாங். நேத்து இந்த எஸ்தர் வந்தா, பாத்திரம் திருப்பிக் குடுக்க. ஒரு வாய் தோசை வச்சேன், அழுதுட்டா. மேடம் அஞ்சு பேரையும் நிக்க வச்சு, யாருகிட்டேர்ந்து யாரு காப்பி, சொன்னா மத்தவங்கள வுட்டுர்றேன்னாங்களாம். வாயத் தொறக்கல ஒண்ணும். ரோஹிணிதான் சொல்லி வச்சிருந்தாளாம், எங்கம்மா பேரு வெளிய வரக் கூடாதுன்னு. டிப்போவுல மூட்டை எடை போடுற பொம்பள கெமிஸ்ட்ரி நடத்துனாங்கன்னா ஸ்டாஃப் ரூமே சிரிக்கும், எங்கம்மா தாங்க மாட்டாங்க, நாம காப்பின்னே இருக்கட்டும்னு சொன்னாளாம். மத்த நாலும் சரின்னுச்சாம். பதினாறு வயசுக்கா அதுங்களுக்கு. கேட்டுக்கினு நின்னதுல எனக்கு தோசை கருகுனதுகூடத் தெரியல.

...கர்ச்சீஃப் இருக்குதா? இல்ல, எனக்கு இல்ல, உங்களுக்குத்தான். கண்ணாடி மங்கலாயிருச்சு பாருங்க. இந்தாங்க, என்னுது தொவைச்சதுதான்.

கட்கி தாண்டிட்டோம். அடுத்தது நம்ம ஸ்டேஷன். இனிமே அக்கான்னு கூப்புட்டா நல்லா இருக்காது, மேடம்.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க, கூட்டத்துல எங்க போவீங்க! வண்டியில ஏறுனப்பவே தெரியும் எனக்கு. ஜூலை மாசம் பேரண்ட்ஸ் மீட்டிங்ல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். சந்திரிகா அனந்தராமன், தளேகாவ்லேர்ந்து இந்த வண்டியில, இந்த டப்பாவுல, இந்த ஜன்னல் சீட்டுல வருவீங்கன்னு எம் பொண்ணு சொல்லியிருக்கா. கண்ணாடி, மூக்குன்னு ஏதாச்சும் கூடக்குறைய சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா நாலு பேரு நடுவுல எனக்கு நாக்கு எழாது. பிரின்சிபால் ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாரு. எனக்கு ரெண்டு நிமிஷம் எந்த மூலைக்குப் பத்தும்? இங்க முழுசா அரை மணி நேரம், நீங்களும் எங்கயும் போக முடியாது பாருங்க.

இதோ பாருங்க, அஞ்சு லெட்டர். கிழிச்சுட்டேன். ஆமா, உங்க முன்னாடியேதான். இது ஆறாவது லெட்டர், என்னுது. தமிழ்ல எழுதியிருக்கேன், பிரின்சிபாலுக்கு நீங்கதான் படிச்சுச் சொல்லணும். அஞ்சு பிள்ளைங்களுக்கும் தண்ணியக் கழிச்சது நான், என் பேரு இது, என் டிப்போ நம்பர் இதுன்னு எழுதியிருக்கு. எடை போட்டவதான் கார்டுல கையெழுத்துப் போடணும் மேடம். போட்டிருக்கேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நாலு மார்க் வேணாம், தப்பு தப்புதான், முட்டை போடுங்க. அந்தக் காப்பிங்கிற ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க.

...தலைய ஆட்டுனீங்களே, அது வண்டி ஆட்டுனதா, நீங்க ஆட்டுனதா? நீங்கதானா? நெசமாவா? உங்களுக்குக் கோடி புண்ணியம் மேடம்! பையில வச்சுட்டீங்கல்ல லெட்டர, பத்திரம்.

ஸ்டேஷன் வந்துருச்சு, எறங்குங்க, எறங்குங்க, பாத்து! மேடம், புஸ்தகத்த வுட்டுட்டீங்க! இந்தாங்க. ஏன் இவ்வளவு வேகமா நடக்குறீங்க, நானும் அதே காலேஜுக்குத்தானே... மேடம்! ஒரே ஒரு சந்தேகம்! இந்தக் குளோரின் அணுவுக்கு எடை முப்பத்தஞ்சரைன்னு போட்டிருக்கே, அந்த அரை எங்கேர்ந்து வந்துச்சு? புரோட்டான் முழுசு, நியூட்ரான் முழுசு, பாதி வாஷர் எந்தப் பெட்டியில வரும்? வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பாடம்தான்! அஞ்சு பிள்ளைங்களும் வந்து உக்காந்துரும்! மேடம், நில்லுங்க... ஓடாதீங்க... நீங்க சொல்லாமப் போனீங்கன்னா நானே ஏதாச்சும் சொல்லிக் குடுத்துருவேன், ஆமா!